நலம் என்று எழுதச் சொன்னவருக்கு

பிப்ரவரி 6

மதிப்பிற்குரிய அம்மா,

தங்கள் கணவருக்குத் தாங்கள் எழுதிய கடிதம் எங்கள் பார்வைக்கு வந்தது. சிறப்புப் படைக் குழுவினருக்கு வரும் குடும்பக் கடிதங்களை இந்த அலுவலகம் படித்த பிறகே அனுப்புவது வழக்கம் என்பது தாங்கள் அறிந்ததே. பணியில் இருப்பவரின் மனம் கலங்கும்படியான செய்திகள் இருப்பதால், கடிதத்தை வருத்தத்துடன் திருப்பி அனுப்புகிறோம். சிவப்பு மையால் கோடிட்ட பகுதிகளை நீக்கிவிட்டு, எப்போதும்போல நல்ல செய்திகளுடன் எழுதி அனுப்பினால் உடனே அவரிடம் சேர்ப்பிக்கப்படும்.

தங்கள் மகளின் கை விரைவில் குணமடைய வாழ்த்துகிறோம். 'புன்னகையுடன் காத்திருப்போம்' கையேட்டின் பிரதி ஒன்றை இணைத்துள்ளோம்.

இங்ஙனம்,
குடும்ப நல அலுவலர்


பிப்ரவரி 10

குடும்ப நல அலுவலர் ஐயாவுக்கு,

நலமில்லை.

நீங்கள் கோடு போட்டதையெல்லாம் எடுத்துவிட்டால் என் கடிதத்தில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்த்தீர்களா? மேலே 'அன்புள்ள', கீழே என் கையெழுத்து, நடுவில் சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது என்று ஒரு வரி. குழாயை மட்டும் விட்டுவைத்திருக்கிறீர்கள். பெற்ற பெண்ணின் கை உடைந்தது அவருக்குத் தெரியக் கூடாது, குழாய் சரியானது தெரியலாம். நல்ல நியாயம் ஐயா இது.

கை குணமடைய வாழ்த்தியிருக்கிறீர்கள். அது எப்படி உடைந்தது என்று நான் எழுதிய வரியின் மேல்தான் இரண்டு கோடு. அதனால் இங்கே இன்னொரு தடவை எழுதுகிறேன். என் வாயின் மேல் கோடு போட உங்களிடம் மை கிடையாது.

என் மகளை நாங்கள் 'வாயாடி' என்போம். இரண்டாம் வகுப்பு. அவள் அப்பா விடுப்பில் வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்து "பே!" என்று கத்துவாள். அவர் உடனே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, பேய் பிடிச்சிருச்சே! யாராவது வாங்களேன்!" என்று தரையில் விழுவார். அவள் நடக்கப் பழகிய நாளிலிருந்து இந்தக் கூத்துதான். உங்கள் குழுவில் அவருக்குப் 'பூனை' என்று பேராமே. வீட்டிலும் அப்படித்தான், வருவது தெரியாது, போவது தெரியாது.

போன மாத விடுப்பில் ஒரு காலை, சமையலறையில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தார். இவள் பின்னால் போய் "பே!" என்றாள். நான் திரும்புவதற்குள் பிள்ளை தரையில் குப்புறக் கிடக்கிறாள். கை முதுகுப் பக்கம் முறுக்கி இருக்கிறது. அவர் முட்டி அவள் முதுகில். "ஐயோ, அது நம்ம பொண்ணுங்க!" என்று நான் கத்தினேன். அந்தக் கண்ணில் நானும் இல்லை, அவளும் இல்லை. அவர் முடியைப் பிடித்து நான் இழுத்த பிறகுதான் எழுந்தார். தன் இரண்டு கையையும் பார்த்தார். குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டார். மருத்துவமனையில், ஊஞ்சலிலிருந்து விழுந்துவிட்டாள் என்று சொன்னேன். விடுப்பு முடிந்து அவர் கிளம்பினார்.

இப்போது என் மகள் எந்த அறைக்குள்ளும் சும்மா நுழைவதில்லை. கதவைத் தட்டி, "அம்மா, நான்தான் வர்றேன்" என்கிறாள். சமையலறைக்கும் அப்படித்தான். இதைக் கேளுங்கள்: அவர் இல்லாத அறையின் கதவையும் தட்டுகிறாள். "அப்பா, நான்தான் வர்றேன்" என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் நின்று, உள்ளே போய்ப் பள்ளிக்கூடப் பையை எடுத்துக்கொண்டு வருகிறாள்.

ஏப்ரலில் அவர் மறுபடி வருவார். அதற்கு முன்னால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றுதான் அவருக்கு எழுதினேன். மனம் கலங்கிவிடும் என்கிறீர்கள். கலங்கியது போதாதா?

நான் பல் மருத்துவமனையில் உதவியாளர். வலிக்கிறதா என்று டாக்டர் கேட்டால் எல்லோரும் இல்லை என்றுதான் தலையாட்டுவார்கள். கை மட்டும் நாற்காலியை இறுக்கிப் பிடித்திருக்கும். நாங்கள் கையைத்தான் பார்ப்போம். நீங்கள் இத்தனை வருஷமாக என் வாயை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அதே கடிதத்தை ஓர் எழுத்துகூட மாற்றாமல் மறுபடி எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அவரிடம் சேருங்கள். கையேடு வந்தது. ஆடுகிற மேசைக் காலுக்குக் கீழே வைத்தேன், சரியாக இருக்கிறது.

கொதிக்கிற வயிற்றோடு,
வாயாடியின் அம்மா


பிப்ரவரி 19

மதிப்பிற்குரிய அம்மா,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் வருத்தம் புரிகிறது. எனினும், மனநல மருத்துவரைக் காண வீரர் தாமே விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. குடும்பத்தினர் கோரினால், வீட்டில் தொடர்ந்து சிரமம் இருந்து வந்ததற்கு ஆதாரம் வேண்டும். தங்கள் கோப்பைப் பார்வையிட்டோம். திருமணமான முதல் ஆண்டிலிருந்து தாங்கள் எழுதிய எல்லாக் கடிதங்களிலும் 'இங்கு அனைவரும் நலம்' என்றே உள்ளது. ஆகவே தாங்கள் 'உதவி தேவைப்படாத குடும்பம்' என்ற பிரிவில் வைக்கப்பட்டிருக்கிறீர்கள்.

மேலும், தங்கள் நன்மைக்காக ஒன்று. இதைப் புகாராக மேலே அனுப்பினால் தங்கள் கணவர் குழுவிலிருந்து நீக்கப்படுவார். நீக்கப்பட்டவரை மீண்டும் சேர்க்கும் வழக்கம் இல்லை. அந்த இடத்துக்கு வர அவர் பட்ட பாடு தங்களுக்குத் தெரியும். யோசித்து முடிவு செய்யவும்.

இங்ஙனம்,
குடும்ப நல அலுவலர்


மார்ச் 1

ஐயா,

இன்றும் நலமில்லை.

உங்கள் கடிதத்தை மருத்துவமனையில் கருவி கழுவுகிற இடத்தில் நின்று படித்தேன். டாக்டர் என் முகத்தைப் பார்த்து, "என்னம்மா, இன்னைக்கு யாரைக் கடிக்கப் போற?" என்றார். உங்களைத்தான்.

நலம் என்று என்னை எழுதச் சொன்னது யார்? கல்யாணமான புதிதில், தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது என்று ஒரே ஒரு வரி எழுதினேன். சிவப்புக் கோட்டோடு திரும்பி வந்தது. குடும்பச் சந்திப்பில் பெரிய அதிகாரியின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதோ பாரும்மா, அவர் கையில துப்பாக்கி இருக்கு. நீ அழுதா அந்தக் கை நடுங்கும். நடுங்கினா அவர் மட்டும் போறதில்ல, கூட இருக்கிறவங்களும் போவாங்க. நீ நலம்னு மட்டும் எழுது, போதும்" என்றார்கள். படைச் சின்னம் போட்ட ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். ஒரு புதுப்பெண்ணிடம் இப்படிச் சொன்னால் அதற்கு மேல் அவள் எதை எழுதுவாள்?

பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து வலிப்பு வந்தபோது நலம் என்று எழுதினேன். என் அப்பா செத்துப்போனபோதும் நலம் என்றுதான் எழுதினேன். அடுத்த விடுப்பில் அவர் என் அப்பாவுக்கு என்று ஒரு சட்டை வாங்கிக்கொண்டு வந்து, "மாமா எங்க, அளவு சரியா இருக்கான்னு பார்க்கணும்" என்றார். வாசலிலேயே வைத்துச் சொன்னேன். அந்தச் சட்டை இன்னும் பிரிக்காமல் அலமாரியில் கிடக்கிறது. உங்கள் கோப்பில் அந்த மாதமும் அனைவரும் நலம்.

கழுத்தைப் பிடித்து நலம் சொல்ல வைத்துவிட்டு, நீதானே சொன்னாய் என்கிறீர்கள். வெட்கமாக இல்லையா உங்களுக்கு?

எதிர்வீட்டு அக்காவிடம் உங்கள் கடிதத்தைக் காட்டினேன். அவள் வீட்டுக்காரரும் இதே குழுதான். சிரியோ சிரி என்று சிரித்தாள். "நாம எல்லாருமே நலம்தான்டி. நம்ம தெரு மருந்துக்கடைக்காரன்கிட்டப் போய்க் கேளு. தூக்க மாத்திரை வித்தே மாடி கட்டிட்டான்." சிரித்து முடித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

குழுவிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பயம் காட்டுகிறீர்கள். தெரியும். அந்த இடத்துக்காக அவர் தேய்ந்த தேய்வும் தெரியும். பயிற்சி முடிந்து வந்தபோது அவர் காலில் நகம் இல்லை, மருந்து போட்டவள் நான். அந்த வேலையைப் பிடுங்கியவள் என்று சாகிற வரைக்கும் என்னைச் சொல்வார். அதையும் நினைத்துப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். நேற்று மகளுக்குத் தலை வாரும்போது, "அப்பா வரும்போது நான் எதிர்வீட்டுல இருக்கட்டுமாம்மா?" என்று கேட்டாள். அதோடு யோசிப்பதை நிறுத்திவிட்டேன்.

இந்தக் கடிதம்தான் புகார். மேலே அனுப்புங்கள். கையெழுத்துக்குக் கீழே வேண்டுமானால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்களுக்கும் வீட்டிலிருந்து யாராவது இப்படி நலம் என்று எழுதியிருக்கிறார்களா?

வாயாடியின் அம்மா


மார்ச் 20

வாயாடியின் அம்மாவுக்கு,

இது அலுவலகக் கடிதம் இல்லை. அதனால் முத்திரை இல்லை.

கேட்டீர்கள். நானும் அந்தக் குழுவில் இருந்தவன்தான். என் மனைவியும் நலம் என்றே எழுதினாள். நான் நம்பினேன். முழங்கால் போய் வீட்டுக்கு வந்தபோது கதவு பூட்டியிருந்தது. இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

உங்கள் புகார் ஒரு கோடும் இல்லாமல் மேலே போய்விட்டது. அதிகாரி வாயால் கேட்பதற்கு முன்னால் உங்கள் வாயால் அவர் கேட்கட்டும் என்று, நீங்கள் அவருக்கு எழுதியதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு முகாமுக்கு நானே போனேன். படித்தார். மடித்தார். புகார் மேலே போனதையும் சொன்னேன். "என்னை மாட்டிவிட்டுட்டா. என் பொழப்பையே பிடுங்கிட்டா. இனிமே அவ மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்றார். இதை உங்களிடம் மறைக்கப்போவதில்லை. மறைத்ததெல்லாம் போதும்.

நீங்கள் எனக்கு எழுதியதில் ஒன்று, அவருக்கு எழுதியதில் இல்லை. அதை நானாகச் சொன்னேன். "உன் பொண்ணு கதவைத் தட்டிட்டுத்தான் உள்ள போறாளாம்டா, பூனை."

"யார் ரூமுக்கு?"

"உன் ரூமுக்கும்தான். நீ இல்லாத ரூமுக்கு."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தேன். திரும்பாமலே, "டாக்டர்கிட்ட என்னைக்குப் போகணும்?" என்று கேட்டார்.

குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். படை மருத்துவமனையில் சேர்ந்துவிட்டார். ஏப்ரலில் ஒரு பகல் மட்டும் வீட்டுக்கு அனுப்புவார்கள். உங்களோடு பேசுவார் என்று என்னால் சொல்ல முடியாது.

இங்கே என்னை எல்லோரும் 'சிவப்பு மை' என்பார்கள். நீங்களும் அப்படியே கூப்பிடலாம்.

சிவப்பு மை


ஏப்ரல் 15

சிவப்பு மை அண்ணனுக்கு,

நன்றி சொல்வேன் என்று பார்க்காதீர்கள். என் கடிதத்தை எடுத்துக்கொண்டு போனீர்கள், சரி. போன வாரம் எதிர்வீட்டு அக்கா எழுதியது சிவப்புக் கோட்டோடு திரும்பி வந்திருக்கிறது. உங்கள் பக்கத்து மேசைக்காரரின் பேனாவாம். ஒருவருக்கு மனசு இளகினால் மற்றவர்களுக்கு ஆயிற்றா? இந்தத் தெருப் பெண்கள் எல்லோரும் இனி 'நலமில்லை' என்றுதான் ஆரம்பிக்கப்போகிறோம். மை நிறைய வாங்கி வைக்கச் சொல்லுங்கள். கடிகாரத்தைத் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். பெரிய அதிகாரியின் மனைவியிடம் கொடுத்துவிடுங்கள்.

அவர் நேற்று வந்தார்.

எனக்கு வந்த கோபம் அப்படியே இருந்தது. அவருக்கும்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. சாப்பிட்டார். தட்டை அவரே கழுவி வைத்தார். கிளம்பும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு, "நீ செஞ்சதை மறக்க மாட்டேன்" என்றார்.

"மறக்க வேண்டாம். மாத்திரையை மறக்காதீங்க" என்றேன்.

எங்கள் இரண்டு பேருக்கும் இது ஒட்டுமா ஒட்டாதா, எனக்குத் தெரியாது. ஒட்டாவிட்டாலும் நான் இதையேதான் செய்திருப்பேன்.

ஆனால் அவர் வந்த விதத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும். வாயாடி காலையிலேயே பையை மாட்டி, ஷூ போட்டு, எதிர்வீட்டுக்குப் போகத் தயாராக நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கட்டுப் பிரித்த கையை மடியில் வைத்திருந்தாள். திடீரென்று கீழே மாடிப்படியில் தடதடவென்று சத்தம். அரிசி மூட்டையை யாரோ படிக்குப் படி போட்டுக்கொண்டு வருவதுபோல. என்னவோ ஏதோ என்று மேல்வீட்டுக்காரர்கூட எட்டிப் பார்த்தார். அவர்தான். பூனையாக வருகிற மனுஷன், ஒவ்வொரு படியிலும் பூட்ஸை ஓங்கி ஓங்கி வைத்து வந்துகொண்டிருந்தார்.

கதவு திறந்துதான் இருந்தது. அவர் உள்ளே வரவில்லை. வெளியே நின்று, திறந்த கதவைத் தட்டினார்.

"வாயாடி, அப்பாதான் வந்திருக்கேன். உள்ள வரலாமா?"

அவள் என்னைப் பார்த்தாள். இதில் நான் சொல்ல எதுவும் இல்லை. அவள் கதவைப் பார்த்தாள், தன் காலைப் பார்த்தாள்.

"கொஞ்சம் இருங்கப்பா. ஷூவைக் கழட்டிக்கிறேன்."

அவர் நின்றார். அந்தக் கை இன்னும் சரியாக மடங்கவில்லை, வார் அவிழ நேரமாயிற்று. நான் உதவிக்குப் போகவில்லை, அவரும் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. இரண்டு ஷூவையும் கழற்றிச் சுவரோரம் ஜோடியாக வைத்துவிட்டு, "இப்ப வாங்க" என்றாள்.

இது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று எனக்குத் தெரியவில்லை. கோடு போடாமல் கோப்பில் வையுங்கள்.

இன்னும் கோபம் ஆறாத,
வாயாடியின் அம்மா