திரும்பி வரும் நீலப் புள்ளி

மார்ச் 4

படைக்குப் புது ரேடியோ வாங்கலாமா என்பதை என் கணினிதான் சொல்ல வேண்டுமாம். திரையில் ஒரு பொய்ச் சண்டை. நம் வீரர்கள் நீலப் புள்ளிகள். "திரும்பி வா" என்ற கட்டளை பழைய ரேடியோவில் எத்தனை பேருக்குப் போய்ச் சேருகிறது, புதியதில் எத்தனை பேருக்கு, அதனால் எத்தனை பேர் பிழைக்கிறார்கள் — இதுதான் வேலை. எல்லையில் இருக்கும் தம்பி போனில் சிரித்தான். "அக்கா, என் புள்ளியை மட்டும் கொஞ்சம் குண்டா போடு. அம்மா பார்த்தா இளைச்சுட்டான்னு புலம்புவாங்க."

மார்ச் 19

தம்பி இல்லை. எழுதிப் பார்த்தாலும் நம்ப முடியலையே.

ஏப்ரல் 2

வேலைக்குப் போனேன். மேலதிகாரி என் முகத்தைப் பார்க்காமலே பேசினார். "தம்பி போன அந்தச் சம்பவத்தையே கணினியில ஓட்டிப் பாக்கணும்மா. வேற யார்கிட்டயாவது குடுக்கட்டுமா?"

நானே செய்கிறேன் என்றேன். "ஒண்ணும் கேக்கலை" — ரேடியோவில் தம்பி கடைசியாகச் சொன்னது அதுதானாம். கட்டளை போய்ச் சேரவில்லை. பாழாய்ப்போன ரேடியோ!

ஏப்ரல் 5

திரையில் அவன் கையில் புது ரேடியோவைக் கொடுத்து ஓட்டினேன். கட்டளை சேர்ந்தது. புள்ளி திரும்பி முகாமுக்கு வந்துவிட்டது. மறுபடி ஓட்டினேன். வந்தான். சாப்பிடக்கூடப் போகாமல் ஓட்டிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தடவையும் வந்துவிடுகிறான். எனக்கென்ன பைத்தியமா?

ஏப்ரல் 11

தம்பி 'நெட்டை' என்று கூப்பிடும் படைக் கூட்டாளி எங்கள் வீட்டுக்கு வந்தான், ஊன்றுகோலோடு. காலில் குண்டு பட்டவன். அம்மா உள்ளே போனதும் தலையைக் குனிந்துகொண்டான்.

"அக்கா, கட்டளை வந்துச்சு. நல்லாத்தான் கேட்டுச்சு. நான் அடிபட்டுக் கிடந்தேன். அவன் 'கேக்கலை, ஒண்ணும் கேக்கலை'ன்னு ரேடியோல சொல்லிக்கிட்டே என்கிட்ட ஓடி வந்தான். என்னை இழுத்து மறைவுல போட்டான். அப்புறம்தான்..."

அதே திருட்டுத்தனம். தெருவில் பந்தாடும்போது அம்மா சாப்பிடக் கூப்பிட்டால், வாசலுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு "கேக்கலைம்மா!" என்று கத்துவான். கேக்காதவன் எப்படிடா பதில் சொல்லுவே?

ஏப்ரல் 18

நெட்டை சொன்னதை அலுவலகத்தில் சொன்னேன். "அறிக்கையில தம்பி விஷயத்தை முதல்ல வெச்சா உடனே ரேடியோவை வாங்கிடுவாங்கம்மா. இப்பப் போய் மாத்தணுமா?" என்றார் மேலதிகாரி.

புது ரேடியோ எத்தனையோ பேரைக் காப்பாற்றும். அதை அழுத்தமாகவே எழுதியிருக்கிறேன். இவனைக் காப்பாற்றியிருக்காது. அதையும் எழுதிவிட்டேன்.

பிறகு ஒரு விதியைச் சேர்த்தேன்: கூட்டாளி விழுந்து கிடந்தால், கட்டளை கேட்டாலும் புள்ளி திரும்பாது. புது ரேடியோவோடுதான் ஓட்டினேன்.

நெட்டையின் புள்ளி மட்டும் மெதுவாக முகாமுக்கு வந்து சேர்ந்தது.

மறுபடி ஓட்டவில்லை.