நூடுல்ஸுக்கும் தவக்காலம்

டண்டினொங்,
தவக்காலத்து இரண்டாம் ஞாயிறு.

அன்பு மகள் றம்யாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் சுகம். கல்கூர்லியில் நீயும் சுகமாக இருக்க மன்றாடுகிறோம். போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்லுவாள். அவளை வைத்துக்கொண்டு சொல்ல முடியாத விஷயம் இது, அதனால்தான் எழுதுகிறேன். தமிழ் வாசிக்க உனக்கு நேரம் எடுக்கும் என்று தெரியும். ஆறுதலாக வாசி.

உன் பாம்பு நூடுல்ஸ் இரையைக் கக்கிய படத்தை நான் அனுப்பியதும், வரும் சனிக்கிழமை உன் சிநேகிதன் துஷாந்த் வந்து அதைக் கொண்டு போவான், பெட்டியையும் கொடுத்துவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். துஷாந்த் நல்ல பிள்ளை. ட்ருகனினாவில் அவன் வீட்டில் ஏற்கெனவே பாம்புகள் வளர்கின்றன, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் நடந்ததை முழுதாகக் கேட்டுவிட்டு முடிவு எடு.

நீ கல்கூர்லிக்கு வேலைக்குப் போனபோது வெள்ளிக்கு வெள்ளி, கிழமைக்கு ஓர் எலி என்று சொல்லிவிட்டுப் போனாய். அப்போது நூடுல்ஸ் என் பெருவிரல் தடிப்பு. இப்போது என் மணிக்கட்டைத் தாண்டிவிட்டது. அது வளர வளர அம்மா எலியைப் பெரிதாக்கினாள், கிழமைக் கணக்கை மாற்றவில்லை. பிறகு அதுவும் போதாமல் போயிற்று. தின்று மூன்று நாளைக்குள் நூடுல்ஸ் கண்ணாடியருகே வந்து தலையைத் தூக்கிப் பார்க்குமாம். பாவம், வாய்விட்டுக் கேட்கத் தெரியாத சீவன் என்று உறைந்த எலி இன்னொன்றை எடுத்து இளகச் சுடுதண்ணீரில் போடுவாள். நீ பாம்பு கொண்டு வந்த அன்று ஏதேன் தோட்டத்தை இழுத்து உன்னைப் பேசியவள்தான் இவள். எலிக்கென்று கராஜில் தனிப் பிறீசர் வைத்தால்தான் ஆயிற்று என்று நின்றவளும் இவள்தான்.

விபூதிப் புதனுக்கு முதல் நாள் நான் வேலை முடிந்து வர, குசினியில் ஆட்டிறைச்சிக் கறி மணந்தது. நாளைக்கு விரதம் தொடங்குகிறதே என்று எனக்கு வழமையை விடக் கூடப் போட்டாள். அதே நியாயத்தில் நூடுல்ஸுக்கும் இரண்டு பெரிய எலிகள். வெள்ளிதான் அதன் சாப்பாட்டு நாள். ஆனால் தவக்கால வெள்ளியில் இந்த வீட்டுக்குள் மச்சம் மாமிசம் கிடையாது, பாம்புக்கும் அம்மா விலக்குக் கொடுக்கவில்லை. வியாழன் காலை இரண்டும் வெளியே வந்து கிடந்தன. மணத்தைப் பற்றி எழுத மாட்டேன்.

மிருக வைத்தியர் ஒரு வெள்ளைக்காரப் பெண், பொறுமையான மனுஷி. பாம்பை எடை போட்டு, பக்கங்களைத் தடவிப் பார்த்து, கொழுத்துப் போயிருக்கிறது என்றார். வளரும்போது இரை பெரிதாகலாம், ஆனால் இடைவெளியும் நீள வேண்டும், இந்த அளவுப் பாம்புக்கு மாதம் ஒன்று தாராளம் என்றார். தலையைத் தூக்குவதெல்லாம் பசி இல்லையாம், எப்போது கொடுத்தாலும் வாங்குவது அதன் சுபாவமாம். இப்போதைக்கு வெறும் தண்ணீர்தான், பிறகு சின்ன எலி ஒன்று. திரும்பவும் இப்படிக் கக்கினால் தப்புவது கஷ்டம் என்றும் சொன்னார். அம்மாவுக்கு எல்லாம் விளங்கியது. வீட்டில் காரை நிறுத்தியதும், "நான் அதைக் கொல்லப் பாத்திட்டன், என்னப்பா?" என்றாள்.

வேறு செய்தி என்றால், வேர்ஹவுஸில் இரவு வேலையை நிறுத்திவிட்டார்கள், எனக்கு நல்லதாய்ப் போயிற்று. அம்மாவின் முழங்கால் பழையபடிதான். கோயிலுக்குப் புது சுவாமி வந்திருக்கிறார், பிரசங்கம் கொஞ்சம் நீளம்.

அன்றிலிருந்து அம்மா பெட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டுச் செபமாலை சொல்கிறாள். நூடுல்ஸ் தலையைத் தூக்கினால், உனக்கும் தவக்காலம்தான், பொறு என்கிறாள். எனக்குச் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. மாதம் ஒன்று காணுமா, பசியில் வாடாதா, டொக்டருக்கு வடிவாகத் தெரியுமா என்று தினமும் என்னைக் கேட்கிறாள். துஷாந்த் வரப்போவது அவளுக்குத் தெரியாது. சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, கோபிக்காதே. போன கார்த்திகையில் ஒருநாள் நீ போனில், "அம்மா, சாப்பிட்டியோ எண்டு கேக்கிறதை விட்டிட்டு வேற ஏதாவது கேளுங்கோ" என்றாய். ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் நின்று களைத்து வந்த நேரம், உன்னில் பிழையில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் உன்னிடம் அதைக் கேட்டதே இல்லை. வேறு என்ன கேட்பதென்றும் அவளுக்குத் தெரியவில்லை. நீ எடுத்தவுடன் சுகமா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை என் கையில் தந்துவிடுகிறாள். அந்த மாதத்தில்தான் நூடுல்ஸுக்குக் கிழமையில் இரண்டாவது எலி தொடங்கியது.

அதனால், துஷாந்தை வரவேண்டாம் என்று சொல். எவ்வளவு பெரிய எலி, எத்தனை கிழமைக்கு ஒருமுறை என்று அம்மாவுக்கு நீயே எடுத்துச் சொல். நான் சொல்லியும் வைத்தியர் சொல்லியும் அவளுக்கு மனம் ஆறவில்லை, நீ சொன்னால் பிசகாமல் செய்வாள். சொல்லி முடிந்ததும் போனை வைத்துவிடாதே, மகளே. அவள் கேட்கமாட்டாள். அன்றைக்கு என்ன சாப்பிட்டாய் என்று நீயாகவே சொல். மாதத்தில் ஒருமுறை சொன்னாலும் போதும்.

மடு மாதா உன்னோடு இருப்பாராக.

உன் அன்பு அப்பா,
யேசுராசா