மூடாமல் வைத்த குவளை

வெண்குன்றம் குடியிருப்பு, நிலவின் தென்முனை
மூன்றாம் வகுப்பு செடி வளர்ப்புப் பதிவேடு
பதிபவர்: ஜெபசெல்வி, வகுப்பாசிரியை

நாள் 1. காலை 09:20

பிள்ளைகள் பதினொரு பேரும் வந்தார்கள். ஆளுக்கு ஒரு தம்ளர், ஈரப் பஞ்சு, இரண்டு அவரை விதை. பொதுத் தட்டில் ஒரு பாதி வெந்தயம், மறுபாதி தண்டுக்கீரை. விளக்கு பன்னிரண்டு மணி நேரம். வெப்பம் 24. சுவர்ப் பலகையில் கரியமில வாயு 0.06 சதவீதம். பியூலா தன் தம்ளரில் பெயருக்குப் பதிலாக 'தொடாதே' என்று எழுதி ஒட்டியிருக்கிறாள். விட்டுவிட்டேன்.

நாள் 9. காலை 10:05

பிள்ளைகள் ஸ்கேல் வைத்து அளந்தார்கள். அவரையின் சராசரி உயரம் 19 செ.மீ. போன வருடப் பதிவேட்டில் இதே நாளில் 13. அதே விதைப் பொட்டலம், அதே விளக்கு. யாரோ எதையோ ஊற்றுகிறார்கள்.

பியூலாவின் அம்மா ரெக்சலின் உணவுப் பண்ணையில் வேலை பார்க்கிறாள். அங்கே ஊட்டக் கரைசல் பீப்பாய் பீப்பாயாக இருக்கிறது. பியூலாவை எல்லோர் முன்னாலும் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். நம்பவில்லை. பின் வரிசைக்கு மாற்றினேன்.

நாள் 10. காலை 09:00

புதிதாக நான்கு தம்ளர் விதைத்து, விளக்குள்ள அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பின்பக்கம் காற்றோட்டச் சல்லடை உண்டு, கை நுழையாது. சாவி என் கழுத்தில். யாருக்கும் சொல்லவில்லை.

நாள் 13. காலை 11:30

இரண்டு பேர் மேசையில் தலை வைத்துத் தூங்கினார்கள். எழுப்பி நிற்க வைத்தேன். கூட்டல் கணக்கில் எல்லோருமே தப்பு விடுகிறார்கள். எனக்கும் காலையிலிருந்து தலைவலி.

இசக்கிமதி மூன்றாவது நாளாக வரவில்லை. காற்று இன்ஜினியர் முப்பிடாதியின் மகள். சளியாம். நிர்வாகி கார்மேகத்தின் இரட்டைப் பையன்களும் வரவில்லை. அவர்களுக்கும் சளியாம். மருத்துவ அறையில் கேட்டேன். இந்த மாதம் சளி என்று யாருமே வரவில்லை என்றார்கள்.

நாள் 18. காலை 09:45

அலமாரியைத் திறந்தேன். பூட்டி வைத்த அவரையும் அதே வேகத்தில் வளர்ந்திருக்கிறது. நான் தவிர யாரும் தொடவில்லை.

பியூலாவிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். அவள் முன் வரிசைக்கு வர மறுத்துவிட்டாள். அவள் உரிமை.

இன்னொன்று. வெந்தயமும் காடாக மண்டியிருக்கிறது. ஆனால் பக்கத்துப் பாதியில் தண்டுக்கீரை போன வருட அளவேதான். உரம் என்றால் கீரையும் வளர்ந்திருக்கும். அவரை, வெந்தயத்தை மட்டும் தூக்கிவிட்டு, தண்டுக்கீரையைச் சும்மா விடுகிற ஒரு பொருள் எனக்குத் தெரியும். கல்லூரியில் படித்திருக்கிறேன். அது தண்ணீரில் வருவதல்ல, காற்றில் வருவது.

கரியமில வாயு. பலகையோ 0.06 என்கிறது. முதல் நாளிலிருந்து ஒரு புள்ளிகூட மாறவில்லை. மூச்சு விடுகிற மனிதர்கள் இருக்கும் அறையில் எந்த எண்ணும் இப்படி அசையாமல் நிற்காது.

இன்டர்காமில் பேசுவது தானாகப் பதிவாகும். தேவையானதை இங்கே ஒட்டுகிறேன்.

*வகுப்பறை – காற்று அறை, 10:20*
"அண்ணாச்சி, எங்க வகுப்புல காத்து சரியில்லன்னு தோணுது."
"பலகை என்ன சொல்லுது டீச்சர்?"
"புள்ளி பூஜ்யம் ஆறு."
"அப்ப அதான் காத்து. அவரக்கொடிய வச்சா காத்த அளக்கப் போறிய?"
"இசக்கிமதிக்கு எப்படி இருக்கு?"
"இப்ப தேவல. ஒரு வாரம் கழிச்சு அனுப்புதேன்."

தேவலை என்றால் எதற்கு ஒரு வாரம்?

நாள் 19. காலை 09:10

இன்றைய பாடம்: மூச்சுக் காற்று. இரண்டு குவளையில் தெளிந்த சுண்ணாம்பு நீர், கரியமில வாயு பட்டால் வெளுக்கும். ஒன்றில் பிள்ளைகள் ஸ்ட்ரா வைத்து ஊதினார்கள், உடனே பால்போல் ஆனது. கைதட்டினார்கள். இன்னொன்றை ஒப்பிடுவதற்காகத் தொடாமல், மூடாமல் வைத்தோம்.

10:15

யாரும் ஊதாத குவளையும் வெளுத்துவிட்டது. போன வருடம் அது பள்ளி விடும் வரை தெளிவாக இருந்தது. பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். பியூலா பின் வரிசையிலிருந்து எழுந்து வந்து குவளையை முகர்ந்து பார்த்தாள். இதில் ஊதியது யார் என்று கேட்டாள். இந்த அறைதான் என்று இங்கே மட்டும் எழுதுகிறேன்.

15:30

மதிய இடைவேளையில் மூன்று குவளைகளோடு நடந்தேன். மருத்துவ அறை: ஒரு மணி நேரத்தில் வெளுத்தது. மெஸ்: ஒன்றேகால் மணி நேரம். நிர்வாகக் கூடத்தில், பள்ளிக் கண்காட்சிக்கு என்று பொய் சொல்லி மேசையில் ஒன்றை வைத்துவிட்டு வந்தேன். இரண்டரை மணி நேரம் ஆகிறது. போய்ப் பார்த்தேன், பளிங்கு போல இருக்கிறது.

அங்கே உள் அறைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். இசக்கிமதியும் இரட்டைப் பையன்களும் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் மூக்கு ஒழுகவில்லை.

*வகுப்பறை – காற்று அறை, 15:40*
"அண்ணாச்சி, சளின்னு சொன்னிய. உங்க மக நிர்வாகக் கூடத்துல படம் வரைஞ்சிட்டு இருக்கா."
(கதவு சாத்தும் சத்தம்.)
"டீச்சர், இது பதிவாகுதா?"
"ஆகுது."
"ஆகட்டும். காத்துச் சுத்தம் பண்ணுத மூணு யூனிட்ல ரெண்டு பாதிக்கு மேல கெட்டுப் போச்சு. பள்ளிக்கூடப் பக்கம் ஒண்ணு, மெஸ் பக்கம் ஒண்ணு. நிர்வாகக் கூடத்து யூனிட்டு மட்டும் நல்லா ஓடுது. அங்க இருந்து வார குழாய நிர்வாகத்துல அடைக்கச் சொன்னாவ, அடைச்சேன். பலகையில நம்பர நிறுத்தி வைக்கச் சொன்னாவ, வச்சேன்."
"எங்க வகுப்புல இப்ப எவ்வளவு?"
"ஒண்ணே கால் சதவீதம். நாளைக்கு இன்னும் கூடும். பூமியில இருந்து கப்பல் வர பதினஞ்சு நாளு இருக்கு."
"அவசரப் பெட்டி இருக்குல்லா? காத்தச் சுத்தம் பண்ணுத பெட்டி?"
"இருக்கு. அத வெளிய எடுத்தா எல்லாருக்கும் தெரிஞ்சிரும்னு எடுக்க விடல."
"பிள்ளைங்க இருக்குத இடம் அண்ணாச்சி இது."
"தெரியும் டீச்சர். எம் பிள்ளைய மட்டும் தூக்கிட்டுப் போயிட்டேன். என்னய என்ன செய்யச் சொல்லுதிய?"

இன்டர்காமை வைத்துவிட்டேன். தூங்கியதற்காக நான் நிற்க வைத்த இரண்டு பிள்ளைகளின் முகம்தான் கண்ணில் நிற்கிறது.

நாள் 20. காலை 09:30

மீதி எட்டுப் பிள்ளைகளையும் வரிசையாகக் கூட்டிக்கொண்டு நிர்வாகக் கூடத்துக் கதவின் முன் உட்கார்ந்திருக்கிறேன். ஆளுக்கொரு குவளை. வெளுத்த குவளைகள்.

*கதவு இன்டர்காம், 09:35*
"டீச்சரம்மா, கார்மேகம் பேசுறேன். பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வகுப்புக்குப் போங்க. சின்னப் பிள்ளைக பரிசோதனையை வச்சு இதெல்லாம் முடிவு பண்ண முடியாது."
"உங்க மேசையில நேத்து ஒரு குவளை வச்சேன் சார். அது இன்னும் தெளிவா இருக்கா?"
(நாற்காலி நகரும் சத்தம்.)
"சரிம்மா. எட்டுப் பேரும் உள்ள வரட்டும். நீங்களும் வாங்க. அறிவியல் முகாம்னு பெத்தவங்ககிட்ட சொல்லிக்கலாம். வெளியில யாருக்கும் தெரிய வேண்டாம்."

பிள்ளைகளை உள்ளே அனுப்பினேன். கடைசியாகப் போன பியூலாவின் கையில் சுண்ணாம்பு நீர் பாட்டிலைக் கொடுத்தேன். நான் போகவில்லை. கதவு மூடியதும் பொது ஒலிபெருக்கியின் பொத்தானை அழுத்தி, பதினெட்டாம் நாளிலிருந்து எழுதியதை எல்லோருக்கும் படித்தேன்.

14:10

கதவு முன் முப்பது பேருக்கு மேல் கூடினார்கள். உடைப்பதா வேண்டாமா என்று சத்தம். உடைத்தால் அந்த ஒரு யூனிட் அறுபத்தொரு பேருக்குப் போதாது என்று முப்பிடாதியே வந்து சொன்னார். அவரை அடிக்கப் போனார்கள். ரெக்சலின் நடுவில் நின்று இன்டர்காமைப் பிடித்தாள்.

*கதவு இன்டர்காம், 13:50*
"சார், நான் பியூலாவோட அம்மா. உள்ள இருக்க பெரியாளுவ பன்னெண்டு பேரும் வெளிய வாங்க. பிள்ளைங்க மட்டும் உள்ள இருக்கட்டும். பதினாலு நாளு நாங்க மெஸ்ல மூச்சப் புடிச்சிட்டுக் கெடப்போம். நீங்களும் வந்து கெடங்க."

வந்தார்கள். கார்மேகம் கடைசியாக வந்தார். எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார்.

நாள் 23. பகல் 12:05

பெரியவர்கள் ஐம்பது பேரும் மெஸ் தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கிறோம். நடக்கக் கூடாது, தேவையில்லாமல் பேசக் கூடாது. அவசரப் பெட்டிகளை எடுத்துக் கூரையில் தொங்கவிட்டிருக்கிறார்கள். கணக்குப்படி கப்பல் வரும் வரை தாங்கும்.

பலகைகளை இனி நம்பமாட்டேன். பியூலா தினமும் ஒன்பது மணிக்குப் புதிய குவளையில் சுண்ணாம்பு நீர் ஊற்றி, பன்னிரண்டு மணிக்குப் பார்த்து எனக்குச் சொல்ல வேண்டும்.

*நிர்வாகக் கூடம் – மெஸ், 12:00*
"டீச்சர், தண்ணி தெளிவா இருக்கு. எனக்கு எதுத்தாப்புல இருக்க பையனோட மூஞ்சி அதுல தெரியுது."
"பசிக்குதா?"
"பிஸ்கட்டு இருக்கு. ரெட்டையனுங்கதான் நெறைய திங்கானுவ."

கார்மேகம் எல்லோருக்கும் தண்ணீர் கொண்டு வந்து கொடுக்கிறார். தலையணை சரி செய்கிறார். மூன்று நாளில் இவ்வளவு நல்லவராக ஒருவர் எப்படி மாறுவார்? நிர்வாகக் கூடத்துக்குப் பின்வாசல் ஒன்று உண்டு. அதை வெல்டு வைத்து அடைக்கச் சொன்னேன். தீப்பிழம்பு, இருக்கிற நல்ல காற்றையும் தின்றுவிடும் என்று முப்பிடாதி மறுத்துவிட்டார். உண்மையாக இருக்கலாம். அவர் முன்பு சொன்னதும் உண்மைபோலத்தான் இருந்தது.

நாள் 26. பகல் 12:10

தெளிவு என்றாள் பியூலா. எழுத்து கோணுகிறது. மன்னிக்கவும்.

நாள் 28. மாலை 16:00

படுத்திருப்பவர்களை எண்ணினேன். முப்பத்தெட்டு. ஐம்பது இருக்க வேண்டும். மறுபடி எண்ணினேன். நாற்பத்தொன்று. அப்புறம் முப்பத்தாறு. என் தலைதான் சரியில்லை. பக்கத்துப் பாய் காலியா, அல்லது எப்போதுமே காலியாகத்தான் இருந்ததா, நினைவில்லை. பியூலா இன்று பேசவில்லை. நான் தூங்கியிருப்பேன்.

தண்ணீர் கொண்டு வர யாரும் இல்லை.

நாள் 29. பகல் 11:30

*நிர்வாகக் கூடம் – மெஸ், 11:26*
"டீச்சர்."
"என்ன பியூலா, இன்னும் பன்னெண்டு ஆகலியே."
"தண்ணி வெள்ளையாயிட்டு."
"எப்ப ஊத்தின?"
"ஒம்பது மணிக்கு. பத்து மணிக்கே வெள்ளையாயிட்டு. போனு பக்கத்துல ஆளு இருந்தாவ, அதான் பேச முடியல."
"யாரு? உள்ள எத்தன பேரு இருக்கிய?"
"நாங்க பதினொண்ணு. அப்புறம் முன்னாடி இங்க இருந்த பெரியாளுவ எல்லாரும். முந்தாநேத்து பின்வாசல் வழியா வந்தாவ. எங்கள ஸ்டோர் ரூம்ல உக்கார வச்சிருக்காவ. டீச்சர்ட்ட சொல்லக் கூடாதாம். சொன்னா வெளிய உள்ளவங்க எல்லாரும் வந்திருவாவளாம்."
"பிள்ளைங்க எப்படி இருக்காவ?"
"இசக்கிமதி எந்திரிக்க மாட்டேங்கா டீச்சர். நான் தட்டித் தட்டிப் பாத்துட்டேன்."
(கார்மேகத்தின் குரல்.) "டீச்சரம்மா, குழந்தை ஏதோ கனவு கண்டு..."
(துண்டிக்கப்பட்டது.)

11:41

முப்பிடாதிக்கு ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினேன். எழுந்துவிட்டார். கையில் பெரிய ஸ்பேனர். ரெக்சலின் சுவரைப் பிடித்து நிற்கிறாள். நடக்க முடிந்தவர்கள் ஒன்பது பேர். பின்வாசலுக்கு நூற்றிருபது அடி. நின்று நின்றுதான் போக முடியும்.

11:58

பாதி வழி. உட்கார்ந்து எழுதுகிறேன். ஏழு பேர். பின்வாசலுக்கு உள்ளே மேசை நகர்த்தும் சத்தம் கேட்கிறது. முட்டுக் கொடுக்கிறார்கள்.

12:

கப்பலில் வருகிறவர்களுக்கு. பலகையைப் பார்த்து முகமூடியைக் கழற்றாதீர்கள். எங்களைத் தாண்டிப் போங்கள், எங்களுக்காக நிற்க வேண்டாம். ஸ்டோர் ரூம் பின்வாசலில் நுழைந்ததும் இடது பக்கம். உள்ளே இருக்கும் பெரியவர்கள் யாராவது எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னால் நம்பாதீர்கள். பிள்ளைகள் பதினொரு பேர். நீங்களே எண்ணுங்கள். பதினொன்று வராமல் கதவை மூட