நீ படிக்காமல் விட்ட ஐந்து வரிகள்

கம்ப்யூட்டரில் மறுபடியும் தானாகவே ஆரம்பித்துவிட்டது. நீலத் திரையில் புள்ளிகள் வட்டமடிக்கின்றன. கீழே ஆங்கிலத்தில் 'அணைக்காதீர்கள்' என்று போட்டிருக்கிறது. முக்கால் மணி நேரமாக நானும் அதன் முன்னால் காவல் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே விசிறி இரைகிறது, சூடேறிய தூசி வாசம் அறை முழுக்க. நடுவில் கரண்ட் போனால் மெஷின் போச்சு என்று பயம் வேறு. ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிற இடத்துக்கு நாலு கிலோமீட்டரில் உட்கார்ந்துகொண்டு கரண்டுக்குப் பயப்படுகிறவன் நானாகத்தான் இருப்பேன். சும்மா உட்கார்ந்திருப்பதற்கு உனக்கு எழுதலாம் என்று தோன்றியது.

இந்த மெஷினை எனக்கு வாங்கிக் கொடுத்தவனே நீதான். உன் பள்ளி ஆபீசில் இனி உதவாது என்று கண்டம் செய்து ஏலம் விட்டபோது, கூடவே ஒரு பழைய பிரிண்டரையும் சேர்த்து எடுத்து, உன் ஸ்கூட்டரில் இரண்டு தடவையாகக் கொண்டுவந்து இறக்கினாய். அப்போதே கேட்டேன், "நல்லாருந்தா ஏன்டா தள்ளி வுடறானுங்க?" என்று. நீ தலையில் அடித்துக்கொண்டாய். பத்தாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். நீ தேறி கிளார்க் ஆகி குவார்ட்டர்சுக்குப் போனாய். நான் ஆங்கிலத்தில் கோட்டை விட்டு மைன்சில் காண்ட்ராக்ட் பிட்டர் ஆனேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் நேராக என் வீட்டுக்கு டீ குடிக்க வருவதை நீ நிறுத்தியதே இல்லை.

பிறகு திரையின் மூலையில் அந்தச் சின்னப் படம் முளைத்தது. புது சிஸ்டம் இலவசம், ஒரு வருஷத்துக்குள் ஏற்றிக்கொள்ளலாம் என்றது. யாரும் கூப்பிடாமல் வந்து நின்றதே, அதுதான் எனக்கு முதலில் பிடிக்கவில்லை. என் மகள் செல்விக்கோ அது வேண்டும். அவள் கல்லூரி லேபில் எல்லாம் புதுசுக்கு மாறிவிட்டது, வீட்டிலும் அதே இருந்தால் பழக வசதி என்று தினம் ஒரு பாட்டு. நீ அவள் கட்சி.

"சும்மா குடுக்கறப்பவே ஏத்திக்கடா."

"சும்மா எதுக்குக் குடுக்கறான்? அவன் என்னா எனுக்கு மாமனா மச்சானா?"

சர்வீஸ் கடைக்காரரைக் கேட்டோம். "நல்லா ஓடிக்கினு இருக்கறத ஏங்க நோண்டறீங்க? ரேம் ரெண்டே ஜிபிதான, மூச்சு வாங்கும்," என்றார். அவரையும் நான் நம்பவில்லை. மெஷின் கெட்டால்தானே அவருக்குப் பிழைப்பு, பிறகு ஏன் வேண்டாம் என்கிறார் என்று வழியெல்லாம் உன்னைப் பிடுங்கி எடுத்தேன். உன்னையும் சந்தேகப்பட்டேன், இவன் ஏன் இவ்வளவு துடிக்கிறான் என்று. என் புத்தி அப்படி.

அந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும். எங்கப்பா கைநாட்டு. சுரங்கத்துக்கு நிலம் எடுத்தபோது வந்த காகிதத்தை, நாலெழுத்து தெரிந்த ஒருவர் அவருக்குப் படித்துக் காட்டினார். நல்ல மனிதர்தான். சர்வே நம்பர்கள் வந்த இடத்தில் மட்டும், "இதெல்லாம் வெறும் நம்பரு," என்று தாண்டிப் போய்விட்டார். கீழ்க்கழனி மட்டும்தான் போகிறது என்று நினைத்து அப்பா ரேகை வைத்தார். கிணற்றடி நிலமும் அதிலேயே இருந்தது அளக்க வந்த அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கல்யாணப் பத்திரிகையைக்கூட இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்போம்.

ஆகவே 'சம்மதம்' என்ற பொத்தானை அமுக்குவதற்கு முன் அந்த ஒப்பந்தம் முழுவதையும் படித்தாக வேண்டும் என்றேன். உலகத்தில் யாரும் அதைப் படிப்பதில்லை என்றாய். நான் படிப்பேன், செல்வி அவசரத்தில் தாண்டுவாள், நீ படித்துக் காட்டு என்றேன். அத்தனை பக்கம் என் பிரிண்டர் தாங்காது என்று சிரித்துக்கொண்டே பிரவுசிங் சென்டருக்குப் போய் அச்செடுத்து வந்தாய். மூன்று ஞாயிறுகள். நீ ஆங்கிலத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. நான் பக்கத்தில் சிவப்புப் பேனாவோடு, புரிந்த பாராவுக்கெல்லாம் டிக் போட்டபடி. "எங்க பாதர்கூட பைபிளை இவ்ளோ நிறுத்தி நிதானமா படிக்க மாட்டாருடா," என்பாய். செல்வி வாசற்படியில் நின்று பொறுமை இழந்து பார்ப்பாள்.

மூன்றாவது ஞாயிறு உன் விரல் ஒரு இடத்தில் வேகமாக நகர்ந்தது. ஐந்து வரி ஆங்கிலம், ஒரே வரித் தமிழாக வந்தது.

"அப்பப்ப ரிப்பேர் பண்ணிக் குடுப்பான்."

"அம்மாம் நீட்டுக்கு இருக்கு, இவ்ளோதானா?"

"அவ்ளோதான்டா."

அந்தப் பாராவுக்கு மட்டும் நான் டிக் போடவில்லை. ஆனாலும் பொத்தானை அமுக்கினேன். உன் முகத்தைப் பார்த்து அமுக்கினேன், அந்தக் காகிதத்தைப் பார்த்து இல்லை.

ஏற்றி முடிக்க முக்கால் நாள் ஆனது. பிரிண்டர் அன்றோடு சரி, புது சிஸ்டத்துக்கு அதை அடையாளமே தெரியவில்லை. மெஷினைப் போட்டுவிட்டுக் குளித்துச் சாப்பிட்டு வந்தால் சரியாக எழுந்திருக்கும். செல்விக்கு மட்டும் கால் தரையில் பாவவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். செல்வி ஏதோ தட்டிக்கொண்டிருந்தபோது மெஷின் தானாக அணைந்து, இதே புள்ளிகள் சுற்றத் தொடங்கின. அவள் சேமித்து வைக்காத ஆறு பக்கம் போய்விட்டது. யாரைக் கேட்டு அணைந்தது என்றேன். "அது அப்படித்தாம்பா, அப்டேட் வந்தா தானா பண்ணிக்கும், நாமதான் ஒத்துக்கினோமே," என்றாள். எனக்குச் சுரீர் என்றது. டிக் இல்லாத பாராவைத் தேடி எடுத்து அவளையே படிக்கச் சொன்னேன். மாற்றங்கள் தானாக வரும், ஒவ்வொரு தடவையும் தனியாகச் சொல்ல மாட்டோம், இதற்குச் சம்மதித்தாலே வரப்போகிற எல்லாவற்றுக்கும் சம்மதித்த மாதிரி. அதுதான் அந்த ஐந்து வரி.

உன் குவார்ட்டர்சுக்கு வந்து வாசலிலேயே நின்று கத்தினேன். பிளாக்கே எட்டிப் பார்த்தது. நீ மழுப்பவில்லை.

"ஆமா, வுட்டுட்டேன். அதச் சொல்லியிருந்தா வேணாம்னு எழுந்து போயிருப்ப. அந்தப் பொண்ணு இன்னும் எத்தன நாள் கெஞ்சும்?"

"எங்கப்பனுக்கும் ஒருத்தன் இப்பிடித்தான்டா நல்லது பண்ணான்!"

உன் முகம் செத்துப்போனது. நான் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். எட்டு மாதம் உன்னோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பதினோரு மணிக்கு என் மனைவி டீக்குப் பாலை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். நான் சட்டை செய்யாத மாதிரி இருப்பேன். உண்மையில் எனக்கு வலித்தது.

அந்த எட்டு மாதத்தில்தான் நான் ஆங்கிலம் படித்தேன். செல்வியின் அகராதியை வைத்துக்கொண்டு, அதே ஒப்பந்தத்தைப் பாடப் புத்தகமாக்கி, இனி ஒருவன் படித்துக் காட்டி நான் கேட்பதில்லை என்ற வீம்பில் படித்தேன். நாற்பத்தெட்டு வயதில். முதல் பக்கத்துக்கு ஒரு வாரம் பிடித்தது. பிறகு சுமாராக ஓடியது.

உனக்கு உடம்பு சரியில்லை என்று உன் வீட்டம்மா ஸ்டெல்லாதான் சொல்லியனுப்பினார். வந்தேன். பாதியாகியிருந்தாய். பழைய சண்டையை நீயும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதத்தைத் தலையணைக்கு அடியிலிருந்து உருவினாய்.

"கண்ணு மங்கிப் போச்சுடா. எழுத்தெல்லாம் தண்ணில நனஞ்ச மாதிரி தெரியுது. இவளக் கேட்டா ஒண்ணுமில்லங்கறா. பையனக் கேட்டா சரியாயிடும்பாங்கறான். நீ இப்ப இங்கிலீஷ் படிக்கறியாமே. நீ ஒருத்தன்தான் ஒரு வரி வுடாம படிப்ப. படி."

ஸ்டெல்லா சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். படித்தேன். உன் பெயர், வயது, என்னென்ன சோதனை, என்னென்ன மாத்திரை. தெரியாத மருத்துவச் சொற்களை எழுத்துக் கூட்டிச் சொன்னேன், நீ திருத்தினாய். இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரு வரி இருந்தது. அதில் கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. பத்தாம் வகுப்பில் தோற்றவனுக்கும் புரியும். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வலியில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இருந்தது.

"மூணு மாசம் கழிச்சு திரும்பக் காட்டச் சொல்லியிருக்கான்," என்றேன்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்டா."

காகிதத்தை வாங்கி மடித்துக்கொண்டாய். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாய். உனக்கு என் முகம் எவ்வளவு தெரிந்ததோ. பிறகு, "சரி, வந்தது வந்த, டீ குடிச்சிட்டுப் போ," என்றாய். மூன்று மாதம் ஆகவில்லை, ஐந்தே வாரத்தில் போய்விட்டாய்.

பழைய மெஷினுக்குப் புது சிஸ்டம் தேவையா என்று காண்ட்ராக்ட் ஆட்கள் சிலர் என்னிடம் வந்து கேட்கிறார்கள். ஓடும், மூச்சு வாங்கும், பிரிண்டரை மறந்துவிடு, காகிதத்தை நீயே படி என்கிறேன். அதில் பழகித்தான் செல்விக்கு வேலை கிடைத்தது, அதனால் தேவையில்லை என்றும் சொல்ல வாய் வரவில்லை.

எல்லோரையும் சந்தேகப்பட்ட எனக்கு இப்போது மிச்சம் இருக்கும் சந்தேகம் ஒன்றுதான். அன்று அந்த வரியை நான் தாண்டியது உனக்குத் தெரிந்ததா? தெரிந்திருந்தால், நான் உன் வாசலில் நின்று போட்ட கூச்சலை நீ ஏன் என்னிடம் போடவில்லை? நான் நம்பி அமுக்கியது போல நீயும் என் முகத்தைப் பார்த்து நம்பிவிட்டாயோ என்று நினைத்தால் தாங்க முடியவில்லை, தெரிந்தே விட்டுவிட்டாயோ என்று நினைத்தாலும் தாங்க முடியவில்லை. அந்த ஆங்கில வரி எனக்கு இன்னும் எழுத்து மாறாமல் மனப்பாடமாக இருக்கிறது. உனக்கு எழுதிய இந்த மடலைத் தவிர வேறெங்கும் அதை நான் தமிழில் சொன்னதில்லை.