ஆறாவது அலை

பழவேற்காடு, கோட்டைக்குப்பம்
மார்கழி பத்தாம் நாள்

சதுரங்கப்பட்டினத்தில் இருக்கும் கொழுந்தன் துளசிங்கத்துக்கு, அண்ணி பச்சையம்மா எழுதும் ஓலை. எல்லையம்மன் புண்ணியத்தில் நீ சுகமாக இருக்க வேண்டும். இங்கே உயிரோடு இருக்கிறோம். மாதா கோயில் அந்தோணிசாமி எழுதித் தருகிறார். நான் திட்டினால் திட்டினபடியே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

படகு கவிழ்ந்து, உன் அண்ணன் கை சரக்குப் பெட்டிக்கடியில் சிக்கிய அன்றே நீ ஓடிவிட்டாய். அவர் பிழைத்தார். எலும்பு கூடிவிட்டது, விரல் மடங்கவில்லை. சோறு பிசைந்து நான்தான் ஊட்டுகிறேன். கூச்சப்பட்டுக்கொண்டு நாலு வாயிலேயே போதும் என்கிறார். ருக்குவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. சித்தப்பாவிடம் காட்ட வேண்டும் என்று துணியில் முடிந்து வைத்திருக்கிறாள்.

கப்பல் சரக்கு இறக்கும் குத்தகைக்காரர் போன மாதம் எல்லோரையும் கூட்டி விசாரித்தார். அவர் வழக்கம் உனக்குத் தெரியும். பின்னால் நின்று அலை எண்ணுகிற தண்டல் தப்பாகச் சொல்லிப் படகு கவிழ்ந்தால், கை போனவனுக்கு ஆயுசுக்கும் மாதாமாதம் நெல் தருவார். அந்தத் தண்டல் இனி இந்தக் கரையில் சுக்கான் தொட முடியாது. தண்டல் சொல்லுமுன் ஒருவன் துடுப்புத் தண்டு வலித்திருந்தால் தப்பு அவனுடையது. அவனுக்கு ஒரு மணி நெல் கிடையாது.

என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். நெல் கொட்டப் பானையைக்கூடக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் போனேன். அங்கே எழுந்து நின்று, "தம்பி வாய தொறக்கறதுக்குள்ள நான்தான் முந்திக்கினு தண்டு வலிச்சேன். அவன் மேல ஒரு தப்பும் இல்ல" என்றார். கூட வலித்தவர்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

ஜுரத்தில் கிடந்தபோது அவர் வாயாலேயே கேட்டவள் நான். ஏழு பெரிய அலை போகட்டும் என்று நிற்க வேண்டியவன், நீ ஆறிலேயே குரல் கொடுத்துவிட்டாய். ஏன் பொய் சொன்னாய் என்று மூன்று நாள் சண்டை போட்டேன். கடைசியில், "எனக்குக் கை போச்சு. அவனுக்குக் கடலும் போவணுமா?" என்றார். சண்டையை விட்டுவிட்டு அழுதேன்.

உன் இடம் அப்படியே இருக்கிறது. துளசிங்கம் எப்போது வருவான் என்று குத்தகைக்காரரே கேட்டனுப்பினார். எனக்கு உன்மேல் கோபம் தீரவில்லை, அதை மறைக்க மாட்டேன். கருவாட்டுக் கூடையோடு திருப்பாலைவனம் வரை நடந்து திரும்பும்போதெல்லாம் உன்னைத்தான் வைகிறேன். கழுவி வைத்த பானை இன்னும் கவிழ்ந்தே கிடக்கிறது.

அவர் தினமும் கரையில் போய் உட்காருகிறார். படகு இறங்கும்போது வாய்க்குள் அலை எண்ணுகிறார். ஆறு வந்ததும் நிறுத்திவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். யாரை என்று நான் கேட்பதில்லை.

எங்கே இருந்தாலும் நல்லபடியாக இரு, வேளைக்குச் சாப்பிடு. தை பிறக்குமுன் வந்துவிடு தம்பி. மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஏழாவதை நீ எண்ணு.

உன் அண்ணி
பச்சையம்மா