தட்டின் நடுவில் வைத்த பப்பாளிப் பூ

இயேசு மரி சூசை

சாந்தோம்,
வியாழக்கிழமை

அன்பு மகன் ஜான்சனுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் அந்தக் குளிர் தேசத்தில் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாய் இருக்க வேண்டும் என்பதே எங்கள் ஜெபம். உன் பெண்டாட்டி தீபிகா நம் வீட்டில்தான் படுத்திருக்கிறாள், லேசான வயிற்றுவலி என்று மட்டும் உன்னிடம் சொன்னாளாம். போனில் பேசினால் அவள் காதில் விழும், நானும் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதி, இந்தக் கடிதத்தைப் படம் எடுத்து அனுப்ப அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தீபிகாவும் சம்பந்தி வீட்டாரும் கோடம்பாக்கத்திலிருந்து வருகிறார்கள் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கத்திரி வெயிலில் வருகிறவர்களுக்கு வெறும் ஜூஸ் கொடுத்தால் நன்றாகவா இருக்கும், போன தடவை அவர்கள் வீட்டில் பழத்தட்டு எவ்வளவு அழகாய் வைத்தார்கள், நான் மட்டும் என்ன குறைந்தவளா. யூடியூபைப் பார்த்துத் தர்பூசணியைக் கூடையாக வெட்டினேன், கிர்ணிப்பழத்தை உருண்டை உருண்டையாகத் தோண்டி அதில் நிரப்பினேன், அன்னாசியைச் சின்னப் படகாக வெட்டிச் சுற்றிலும் அடுக்கினேன், நடுவில் பப்பாளியில் ஒரு தாமரைப் பூ. நன்றாகப் பழுத்தது கையில் குழைந்துபோய் இதழ் நிற்கவே இல்லை, அதனால் அப்பாவைத் தண்ணீர்த்துறை மார்க்கெட்டுக்கு மறுபடி விரட்டி, கெட்டியாக இருக்கும் பாதி பழுத்த செங்காய் வாங்கிவரச் சொன்னேன். இன்னாடி தேசம்மா, கல்யாண வீடா இதுன்னு அவர் கத்திக்கொண்டே போனார். அவர்கள் வந்து உட்கார்ந்ததும் அந்தப் பூவை அப்படியே எடுத்து என் கையாலேயே தீபிகா தட்டில் வைத்தேன். நல்லா கீதா கண்ணு என்று பக்கத்திலேயே நின்று கேட்டேன், சாப்பிட்டாள், அன்னாசியும் இரண்டு துண்டு. அதற்கப்புறம்தான் சம்பந்தியம்மா, தீபிகாவுக்கு மூணு மாசம் முடிஞ்சிடுச்சு, இனிமே சொல்லலாம்னுதான் வந்தோம் என்றார்.

எல்லோரும் சிரிக்கிறார்கள், நான் அந்தக் காலித் தட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். நீயும் சேர்ந்துதானேடா மறைத்தாய். போன வருஷம் அவளுக்கு நாள் தள்ளியதும் கோயிலில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன், அது தங்காமல் போனதும், இனிமேல் மூன்று மாதம் முடியாமல் யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று சொன்னவளும் நான்தான், அந்த யாரிடமும் என்பதில் என்னையும் சேர்த்துவிட்டீர்களே. அன்று சாயங்காலம் கிளம்பும்போது தீபிகா அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஆட்டோவில் போகும்போது நான் என்னென்ன வேண்டிக்கொண்டேன் என்று எனக்கே தெரியாது. டாக்டரம்மா பார்த்துவிட்டுக் குழந்தையின் துடிப்பு இருக்கிறது, வெயிலில் உடம்பில் தண்ணீர் இல்லை, அதுவாகத்தான் இருக்கும், அலையாமல் படுத்திருக்கட்டும் என்றார். செங்காய் என்பதையும் மறைக்காமல் சொன்னேன், அந்த ஒரு பூவால் எதுவும் ஆகியிருக்காது பயப்படாதீங்க என்றார், ஆனாலும் வெள்ளிக்கிழமை மறுபடி ஸ்கேன் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார். அவர் சொல்லி என்ன, இவள் பாத்ரூம் போனால் திரும்பி வரும்வரை நான் கதவுக்கு வெளியிலேயே நிற்கிறேன், பயம் போகவே இல்லை.

நேற்று கஞ்சி கொடுக்கும்போது மனசு கேட்காமல், பப்பாளி ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா கண்ணு என்று கேட்டுவிட்டேன். தெரியும் அத்தை, காலைலேர்ந்து உக்காந்து செஞ்சீங்கன்னு மாமா சொன்னாரு, நீங்களே எடுத்து வெச்சீங்க, வேணாம்னு சொன்னா உங்க மூஞ்சி மாறிடுமேன்னு பயமா இருந்துச்சு என்றாள். அன்று அவள் அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார், அவரும் வாயைத் திறக்கவில்லை. ஜான்சன், வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு அவள் எனக்குப் பயந்து சாப்பிட்டிருக்கிறாள்.

அந்தோணியார் உங்கள் மூன்று பேரையும் காப்பாற்றட்டும், படுக்கும் முன் ஜெபமாலை சொல்ல மறக்காதே. நாளைக்குத்தான் ஸ்கேன். கூடப் போய் அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை. அவளுக்கு நான் வருவது பிடிக்குமா என்று நீயே கேட்டுக் காலையில் சொல், நான் கேட்டால் வேண்டாம் என்று சொல்லமாட்டாள்.

உன் அம்மா,
லூ. தேசம்மா