பன்னிரண்டு பாட்டும் ஒரு கைதட்டும்

1958 ஜனவரி 12, ஞாயிறு

இன்று சபையில் மறுபடியும் தப்பாகக் கை தட்டினேன். பாட்டு உச்சத்துக்குப் போய்ச் சட்டென்று நின்றது, அத்தனை பேர் கையும் நின்றது, என் கை மட்டும் 'டப்'. முன்வரிசைக் குழந்தை வீறிட்டு அழுதது. அந்தப் பிஞ்சுக்குக்கூடத் தாளம் தெரிகிறது! நியூ ஆர்லியன்ஸில் பிறந்து நாற்பத்தாறு வயதுவரை தாளம் பிடிபடாத ஆள், எங்கள் ஜனத்திலேயே நான் ஒருத்தன்தான்.

ஆராதனை முடிந்ததும் சபைப் பெரியவர் டீக்கன் கஸ்பார் ஒரு ஜோடி வெள்ளைக் கையுறையை என் கையில் திணித்தார்.

"எல்மோர், அடுத்த வாரத்திலேருந்து நீ வாசல்ல நின்னு ஆளுங்களை உக்கார வை. ஒரு கை முதுகுக்குப் பின்னால இருக்கணும். எப்பவும்."

பதவி உயர்வு என்று ஓடீலியாவிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. மனைவி அல்லவா.

ஜனவரி 13, திங்கள்

திங்கட்கிழமை என்றால் சிவப்பு பீன்ஸும் சோறும். மகள் வெர்னீஸ் சாப்பிடாமல் கரண்டியால் கிண்டிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள். இசைத்தட்டுக் கம்பெனி சல்லி அவளுக்குப் பெரிய தட்டே போடப் போகிறானாம். பன்னிரண்டு பாட்டு. அட்டையில் அவள் படம்.

போன வருஷம் வந்த சின்னத் தட்டில் முகம் இல்லை. சபையும் தெரியாத மாதிரி இருந்துகொண்டது. இனி முடியாது.

"டீக்கன் என்னைப் பாடகர் குழுவிலேருந்து தூக்கிடுவாருப்பா. ஈஸ்டருக்கு நான்தான் தனியாப் பாடணும்."

"அப்ப ஏதாவது ஒண்ணை விடு" என்றேன், பெரிய அறிவாளி மாதிரி.

"எனக்கு ரெண்டும் வேணும். சனிக்கிழமை பாட்டும் வேணும், ஞாயித்துக்கிழமை பாட்டும் வேணும்."

ஓடீலியா என்னைப் பார்த்தாள். "கேட்டுக்கிட்டியா மனுஷா? போய் ரெண்டையும் வாங்கிட்டு வா."

துறைமுகத்தில் வாழைத்தார் சுமக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது?

ஜனவரி 19, ஞாயிறு

வாசல் வேலை, முதல் நாள். ஒரு அம்மாளை அவருடைய தொப்பியின் மேலேயே உட்காரவைத்துவிட்டேன்.

டீக்கனிடம் மெல்ல மகள் பேச்சை எடுத்தேன்.

"ரிதம் அண்ட் ப்ளூஸா? பிசாசு பவுடர் பூசிக்கிட்டு வர்ற பாட்டு அது. சனிக்கிழமை ஒலிப்பதிவுக்கு நானே வந்து என் கண்ணால பாக்கறேன். பாத்துட்டுப் பேசறேன்."

அவருக்குக் கதவு திறந்துவிட்டேன். வேலையே அதுதானே.

ஜனவரி 25, சனி

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

ஒலிப்பதிவுக்குக் கிளம்பும்போதே வெர்னீஸ் கெஞ்சினாள். "அப்பா, துணைக்கு வாங்க. ஆனா கையை மட்டும் பாக்கெட்டை விட்டு எடுக்காதீங்க. எல்லாரும் சேர்ந்து ஒரே மூச்சுல வாசிப்பாங்க. ஒரு சத்தம் தப்பினாலும் முழுப் பாட்டும் போச்சு." எனக்கு என் கையைத் தெரியும். எதற்கும் இருக்கட்டும் என்று சபைக் கையுறையையும் மாட்டிக்கொண்டு போனேன்.

சல்லியின் இசைத்தட்டுக் கடைக்குப் பின்னால் ஒரே அறை. பியானோ, டிரம், இரண்டு சாக்ஸபோன். கை தட்ட நாலு பேர் வருவதாக ஏற்பாடு, மூன்று பேர்தான் வந்திருந்தார்கள். அப்போது டீக்கன் உள்ளே நுழைந்தார், சாட்சி திரட்ட. சல்லி அவரைப் பார்த்ததும், "வாங்க பெரியவரே, ஏன் இவ்வளவு லேட்டு?" என்று தோளைப் பிடித்து மைக்குக்கு முன்னால் நிறுத்திவிட்டான். முன்வரிசையில் இடம் கொடுத்தால் டீக்கன் மறுத்ததாகச் சரித்திரமே இல்லை. தட்டினார். நன்றாகவே தட்டினார்!

எட்டாவது பாட்டு. வெர்னீஸ் கண்ணை மூடிக்கொண்டாள். ஐயோ, அந்தக் குரல் — இந்தப் பெண்ணா என் வீட்டில் பாத்திரம் கழுவ மாட்டேன் என்று சண்டை போடுகிறது? ஒரு இடத்தில் பியானோ, டிரம் எல்லாம் நின்றன. அந்த மௌனத்தில் என் கை தானாக வெளியே வந்தது.

'பொஃப்.'

கையுறையோடு தட்டினால் இப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. வாத்து ஒன்று மெத்தைமேல் விழுந்த மாதிரி.

பாட்டு முடிந்ததும் சல்லி, "யாருப்பா அது?" என்றான். கை பாக்கெட்டுக்குள் போய்விட்டது. நான் கூரையைப் பார்த்தேன். எல்லோரும் மைக்கருகில் நின்ற டீக்கனைப் பார்த்தார்கள்.

"நல்லாத்தான் இருக்கு. அப்படியே விடு" என்றான் சல்லி.

ஜனவரி 26, ஞாயிறு

டீக்கன் என்னைக் கண்டதும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நானும்.

பிப்ரவரி 18, செவ்வாய்

மார்டி கிரா திருவிழா. ஊர்வலத்தோடு ஆடப் போனேன். வரிசையில் எனக்குப் பின்னால் வந்த அத்தனை பேரும் கால் தடுக்கி விழுந்தார்கள்.

மார்ச் 22, சனி

தட்டு வந்துவிட்டது! அட்டையில் வெர்னீஸ், பல் தெரியச் சிரிக்கிறாள். ஓடீலியா அதை அலமாரி உச்சியில் நிறுத்திவைத்து, யாரும் தொடக் கூடாது என்கிறாள். தொடாமல் எப்படிப் போட்டுக் கேட்பது?

ரேடியோவில் எட்டாவது பாட்டுத்தான் ஓடுகிறது. முடிவெட்டும் கடையில் எல்லோரும் அந்த 'பொஃப்' வரவழைக்கப் பார்க்கிறார்கள். தொடையில் தட்டுகிறார்கள், கன்னத்தில் தட்டுகிறார்கள், பக்கத்து ஆள் வழுக்கையிலும் தட்டிப் பார்த்தார்கள். வரவில்லை.

அட்டையின் பின்பக்கம் சல்லி அச்சடித்திருக்கிறான்: 'கைதட்டல் — டீக்கன் கஸ்பார்.'

செத்தோம். நாளை சபைக் கமிட்டி கூடுகிறது.

மார்ச் 23, ஞாயிறு

நான் வாசலில் நின்றேன். கையுறை, இடது கை முதுகுக்குப் பின்னால். பாடகர் வரிசையில் வெர்னீஸ் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். டீக்கன் அட்டையோடு எழுந்தார்.

"சபையாரே, இந்தத் தட்டை நான் தீர விசாரிச்சாச்சு. சுத்தமான பாட்டு. இல்லாட்டி என் கை அதுல இருக்குமா? தெருவுல போனாப் பச்சைப் பிள்ளைங்ககூட என்னை நிறுத்திக் கேக்குதுங்க. ஈஸ்டருக்கு வெர்னீஸ்தான் பாடுவா."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "டீக்கன், அந்த 'பொஃப்'பை ஒரு தடவை தட்டிக் காட்டுங்களேன்!"

சபையே ஆமென் போட்டது. அவர் கையை உதறிக்கொண்டு தட்டினார். 'சப்.' மறுபடியும். 'சப்.' நெற்றி வியர்த்தது.

"கை காஞ்சு கிடக்கு" என்றார்.

வெர்னீஸின் பார்வை அவர் கையிலிருந்து மெல்ல நகர்ந்து, வாசல் பக்கம் வந்து, என் வெள்ளைக் கையுறையில் நின்றது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் வலது கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். நாக்கு நுனிவரை வந்துவிட்டது: 'நீங்க கொடுத்த கையுறையைப் போட்டுக்கிட்டுத் தட்டணும், டீக்கன்.'